கிறிஸ்தவர் என்ற பெயருக்கு என்ன விலை?

கல்லூரி விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், மக்கள் தொகைக் கணக்கெடுப்பு... எதை எடுத்தாலும் "மதம்" என்று ஒரு கட்டம் இருக்கும். நிரப்ப இரண்டு வினாடி கூட ஆகாது. வீட்டில் என்ன எழுதி வந்தார்களோ அதையே எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இப்படிக் "கிறிஸ்தவர்" என்று பதிவானவர்கள் சுமார் 44 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு ஆறு பேர். கன்னியாகுமரி மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இவர்களில் பத்துப் பேரை நிறுத்தி, "நீங்கள் கிறிஸ்தவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் பலவிதமாக வரும். "ஞானஸ்நானம் வாங்கியிருக்கேன்" என்பார் ஒருவர். "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை" என்பார் இன்னொருவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் என்றால், "நாங்க நாலு தலைமுறையா வேதக்காரங்க" என்பார். பெந்தெகொஸ்தே சபைக்காரர் தான் இரட்சிக்கப்பட்ட தேதியையே சொல்லிவிடுவார். கேட்டவரும் கிறிஸ்தவர் என்றால் அத்தோடு விடமாட்டார். "ஆர்.சி.யா? சி.எஸ்.ஐ.யா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அதற்கும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

மேலே சொன்ன பதில்கள் எதுவும் தவறில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எல்லாமே ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவை. வேடிக்கை என்னவென்றால், "கிறிஸ்தவர்" என்ற பெயர் அப்படி உண்டானதே இல்லை.

ஊரார் வைத்த பெயர்

இயேசுவின் சீடர்களுக்கு முதன்முதலில் இந்தப் பெயர் வழங்கியது அந்தியோகியா நகரத்தில் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. இன்று அது துருக்கியில் அந்தாக்கியா என்ற ஊர். 2023 பூகம்பத்தில் நொறுங்கிப்போனதே, அதே ஊர்தான். சீடர்கள் தங்களைச் சீடர்கள் என்றும் சகோதரர்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். "கிறிஸ்தவர்" என்பது மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர். கிறிஸ்துவின் ஆட்கள், கிறிஸ்துவின் கோஷ்டி என்பது போல. கேலியாகக்கூட வைத்திருக்கலாம்.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் மூன்றே இடத்தில்தான் வருகிறது. ஒன்று, மேலே சொன்ன அந்தியோகியா. இரண்டாவது, அகிரிப்பா ராஜா பவுலிடம் பேசும்போது. மூன்றாவது, இந்தப் பெயருக்காகத் துன்பப்பட நேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம் என்று பேதுருவின் முதல் நிருபம் தைரியம் சொல்லும் இடம். மூன்றில் ஓரிடத்தில்கூட யாரும் "நான் கிறிஸ்தவன்" என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளவில்லை!

பி.காம். மாணவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கணக்குப் பதிவியலில் "நற்பெயர்" என்று ஒரு சொத்து உண்டு. ஒரு கடைக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயருக்கு ஒரு மதிப்பு. ஆனால் கடைக்காரர் தானே உட்கார்ந்து "என் பெயருக்குப் பத்து லட்சம்" என்று எழுதி ஐந்தொகையில் சேர்த்துவிட முடியாது. கணக்கியல் தரநிலைகள் அதை அனுமதிப்பதில்லை. வேறொருவர் அந்தப் பெயருக்காகப் பணம் கொடுத்துக் கடையை வாங்கியிருந்தால்தான் நற்பெயர் ஏட்டில் ஏறும். யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்க வேண்டும். தானே போட்டுக்கொண்ட மதிப்பு செல்லாது.

சரி, அந்தியோகியாக்காரர்கள் எதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள்? அங்கேதான் யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒரே சபையாகக் கூடினார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்து யூதர்களுக்கு இது லேசான காரியம் இல்லை. இன்னாரோடு உண்ணலாம், இன்னாரோடு உண்ணக் கூடாது என்ற கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமாக இருந்தது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஒரு சண்டையைப் பற்றிச் சொல்கிறார். பேதுரு அந்தியோகியாவுக்கு வந்து புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் சும்மா இருக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுரு சாதாரண ஆளில்லை, சீடர்களில் மூத்தவர்!

ஆக, "கிறிஸ்தவர்" என்ற பெயர் பிறந்த ஊரிலேயே பெரிய சண்டை எதைப் பற்றி என்றால், யாரோடு யார் பந்தியில் உட்காருவது என்பதைப் பற்றித்தான். தமிழ்நாட்டில் வாழ்கிறவருக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

பெயரைச் சொன்னால் உயிர் போகும் காலம்

கி.பி. 112 வாக்கில் பித்தினியா பகுதியை ஆண்ட ரோமானிய ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது இன்றும் கிடைக்கிறது. கிறிஸ்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை எப்படி விசாரிக்கிறார் என்று அதில் விவரிக்கிறார். "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் ஆமாம் என்றால் மரண தண்டனை. இல்லை என்று சொல்லி, பேரரசர் சிலைக்குத் தூபம் காட்டி, கிறிஸ்துவைச் சபித்துவிட்டால் விடுதலை. பெயர் ஒன்றே குற்றமா, அல்லது பெயரோடு சேர்ந்த செயல்கள்தான் குற்றமா என்பதில் அவருக்கே சந்தேகம். அதைக் கேட்கத்தான் கடிதம் எழுதினார்.

அதே கடிதத்தில், இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்ததையும் எழுதுகிறார். குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள். பிறகு ஒரு சத்தியம் செய்துகொள்கிறார்கள். ஏதோ சதித்திட்டத்துக்கான சத்தியம் என்று நினைத்த ஆளுநருக்கு ஏமாற்றம்தான். திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன வாக்கை மீறுவதில்லை, நம்பிக் கொடுத்துவைத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது இல்லையென்று கைவிரிப்பதில்லை. இவ்வளவுதான்! உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்திருக்கிறார். சபையில் அவர்கள் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள். அடிமைகளும் பொறுப்பில் இருந்த சபை அது.

200 வருடம் கழித்து நிலைமை தலைகீழானது. 313-இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் இந்த மதத்துக்குச் சுதந்திரம் கிடைத்தது. 380-இல் தியோடோசியஸ் அதையே அரசு மதமாக்கினார். அதன்பின் "நான் கிறிஸ்தவன்" என்று சொன்னால் தலை போகாது. பதவிகூடக் கிடைக்கும். மூன்று முறை கேட்பாரில்லை, ஒரு முறைகூடக் கேட்பாரில்லை. பெயர் இலவசமானது. பெயரைப் பற்றிய குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

வடக்கன்குளம்: ஒரே ஊர், இரண்டு கதை

தமிழ்நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். 1745-இல் அங்கே ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. திருவிதாங்கூர் படையில் இருந்த டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்தவர். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அவர் கொடுத்த விலை பெரிது. பதவி போனது. சிறை, சித்திரவதை, ஊர் ஊராக அவமானப்படுத்தல். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சாதி பாராமல் எல்லோரும் சமம் என்று வலியுறுத்தியவர் என்பதை அப்போது வத்திக்கான் எடுத்துச் சொன்னது.

அந்த அறிவிப்புக்கு முன்னால் ஒரு விவாதம் நடந்தது பலருக்குத் தெரியாது. அதுவரை அவர் "தேவசகாயம் பிள்ளை" என்றே அழைக்கப்பட்டார். புனிதர் பட்டத்தில் சாதிப் பட்டம் எதற்கு என்று சிலர் வத்திக்கானுக்கே எழுதினார்கள். ஏற்கப்பட்டது. புனிதர் பட்டியலில் ஏறிய பெயர் வெறும் தேவசகாயம். ஞானஸ்நானம் பெற்று 270 வருடத்துக்கு மேல் ஆனபின்தான் வாலில் ஒட்டியிருந்த சாதி கழன்றது!

இப்போது அதே ஊரின் இரண்டாவது கதை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அந்த வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஆனால் மக்கள் உட்காரும் மண்டபம் இரண்டு. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல. ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். பீடம் இரு தரப்புக்கும் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. என்ன ஒரு பொறியியல்! 1910-இல் பங்குக் குரு கவுசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். இடித்தது தவறு என்று வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள்.

வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் "கிறிஸ்தவர்" என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். யாரும் ஞானஸ்நானத்தைத் துறக்கவில்லை. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வந்தவர்கள்தான். அவர்கள் கேட்டதெல்லாம் ஒரு சுவர்.

இது அந்தக் காலம், இப்போதெல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தையே இரண்டாகப் பிரித்து நின்ற சுவரை இடிக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்தன. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், 2008 மார்ச்சில், ஒரே கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் வெடித்து, காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவை பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "ஆர்.சி." என்றும் "சி.எஸ்.ஐ." என்றும் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும். முதலில் சொன்னோமே, வாய்விட்டுக் கேட்காத கேள்வி... அது அச்சிலேயே வந்துவிடுகிறது.

ஒரு பெட்டிக்கடையின் விலை

இனி இந்தப் பெயருக்கு இன்றும் விலை கொடுப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களையும், 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான்.

இதன் அர்த்தம் என்ன என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பார்த்தால் புரியும். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே செருப்பைத் தைத்தவர்களுக்குக் கிடைத்தது. இவருக்கு இல்லை. காரணம், ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவராக மாறியவர். வழக்குப் போட்டார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது, அதனால் வரும் இழிவும் ஒடுக்குமுறையும் புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். வழக்குத் தள்ளுபடியானது.

மதம் மாறியதால் அவர் தொழில் மாறவில்லை. வெயில் மாறவில்லை. மாறியது அந்தப் படிவத்தில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லின் விலை ஒரு பெட்டிக்கடை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நீதிமன்றம் கேட்ட அந்த ஆதாரம் யாரிடம் இருந்தது என்பதுதான். திருச்சபைகளிடம் இருந்தது! கல்லறைச் சுவரும், தனித்தனி வரிசையும், சவ ஊர்வலம் போகக் கூடாத தெருவும் எங்கெங்கே என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனால் அதைச் சொன்னால் "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை" என்ற நற்பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் செருப்புத் தைப்பவருக்குக் கடை போய்விடும். கத்தோலிக்க ஆயர் பேரவை, தீண்டாமை சபைக்குள்ளும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு தலித் மேம்பாட்டுக்காக ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது 2016 டிசம்பரில். இடையில் 31 வருடம்.

இதே விஷயம் 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கையில் வந்தது. மதத்தை வைத்துப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கக் கூடாது என்றது அந்த அறிக்கை. 2022-இல் மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறிக்கைகளுக்கும் தீர்மானங்களுக்கும் குறைவில்லை.

மறுதலித்தவர் யார்?

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதாவது பட்டியல் சாதிக்கான 18 சதவீதத்தில் அவர்களுக்கு இடமில்லை, 26.5 சதவீதத்தில் தங்களைவிடப் பல படி முன்னேறிய சாதிகளோடு போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. ப்ளஸ் டூ முடித்துக் கவுன்சிலிங்குக்கு நிற்கும் ஒரு பிள்ளைக்கு இது தத்துவப் பிரச்சினை இல்லை. கட் ஆஃப் பிரச்சினை.

அதனால் என்ன நடக்கிறது? சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். பைபிளில் எஸ்தர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு. படிவத்தில் "இந்து ஆதிதிராவிடர்". இதைப் பார்த்து மற்ற கிறிஸ்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "சலுகைக்காக ஆண்டவரை மறுதலிக்கிறாங்க" என்பார்கள். 2024 நவம்பரில் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது, அது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

சட்டம் சொன்னது சட்டத்தின் கணக்கு. ஆனால் கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பிளினி மூன்று முறை கேட்டது போல, அந்தப் பிள்ளையிடம் ஒவ்வொரு படிவமும் கேட்கிறது. நீ கிறிஸ்தவனா? ஆமாம் என்றால் இந்த இடம் போகும். நீ கிறிஸ்தவனா? ஆமாம் என்றால் இந்த வேலை போகும். ஆமாம் என்று எழுதிவிட்டு இழப்பை ஏற்றுக்கொண்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் புனிதர் என்று யாரும் சொல்வதில்லை. தாக்குப்பிடிக்க முடியாமல் "இந்து" என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். பேதுருவும் உயிருக்குப் பயந்து மூன்று முறை இல்லை என்று சொன்னவர்தான். அவரைத்தான் இயேசு மறுபடி மூன்று முறை கேட்டு ஆடுகளை ஒப்படைத்தார்.

இன்னொருவரைப் பாருங்கள். படிவத்தில் "கிறிஸ்தவர்" என்று பெருமையாக எழுதுகிறார், அதனால் அவருக்கு ஐந்து பைசா நஷ்டமில்லை. மகளுக்கு வரன் பார்க்கும்போது சொந்தச் சாதியில் மட்டும் பார்க்கிறார். வேறு சாதிக் கிறிஸ்தவன், ஒரே நற்கருணைக் கிண்ணத்தில் பங்குபெற்றவன், பெண் கேட்டு வந்தால் வீட்டில் சாவு விழுந்தது போல் ஆகிவிடுகிறது. இந்த இருவரில் கிறிஸ்துவை மறுதலித்தவர் யார்? கட்டத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதியவரா, அந்தச் சொல்லின் அர்த்தத்தையே மாற்றியவரா?

சில மறுப்புகள்

"ஒருவன் கிறிஸ்தவனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நீ யார்? இருதயத்தைக் கடவுள் ஒருவர்தான் அறிவார்." நியாயமான பேச்சு. ஒருவருடைய விசுவாசத்தை யாரும் அளக்க முடியாது. ஆனால் விசுவாசம் உள்ளே இருப்பது, பெயர் வெளியே இருப்பது. கல்லறைச் சுவர் இருதயத்துக்குள் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புமாக வெளியேதான் நிற்கிறது. அதைப் பற்றிப் பேச கடவுளாக இருக்க வேண்டியதில்லை.

"சாதி என்பது பண்பாடு, மதம் வேறு. மதம் மாறினால் ஊரும் உறவும் மாறிவிடுமா?" மாறாது. மொழி, சாப்பாடு, பொங்கல், தாலி எதையும் விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் தோள்சீலைப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேலாடை அணியக் கூடாது என்பதும் திருவிதாங்கூரின் "பண்பாடு"தான். அதை எதிர்த்துக் கிறிஸ்தவப் பெண்கள் அடி வாங்கினார்கள், மிஷனரிகள் துணை நின்றார்கள், கடைசியில் 1859-இல் அரசு பணிந்தது. தங்களுக்கு மேலே இருந்தவர்களின் பண்பாட்டை உடைக்க இந்தப் பெயர் பயன்பட்டது. தங்களுக்குக் கீழே என்று நினைப்பவர்களிடம் வரும்போது மட்டும் பண்பாடு புனிதமாகிவிடுமா?

"கிறிஸ்தவத்தில் சாதி இல்லை. பிறகு எதற்குப் பட்டியல் சாதி உரிமை?" வேதத்தில் இல்லைதான். சீக்கிய மதத்திலும் பௌத்தத்திலும்கூடக் கொள்கையில் சாதி இல்லை. ஆனால் மனிதர்கள் கொள்கைக்குள் குடியிருப்பதில்லை, ஊருக்குள் குடியிருக்கிறார்கள்.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. தென்னாப்பிரிக்காவில் டச்சுச் சீர்திருத்தச் சபை 1857-இல், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பினத்தவருக்குத் தனிக் கட்டடத்தில் வழிபாடு நடத்தலாம் என்று முடிவெடுத்தது. கொஞ்சம் சலுகை, அவ்வளவுதான். அந்தச் சலுகை வளர்ந்து தனிச் சபைகளாகி, பிறகு நிறவெறி அரசுக்கே வேதாந்தமானது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறி பாவம், அதை வேதத்தை வைத்து நியாயப்படுத்துவது துர்ப்போதனை என்று அறிவித்து, அந்தச் சபையின் உறுப்பினர் தகுதியை நிறுத்தி வைத்தது. "உங்களைக் கிறிஸ்தவர் என்று நாங்கள் எண்ண முடியவில்லை" என்று சக கிறிஸ்தவர்களே சொன்னது போல. வடக்கன்குளத்துக் கால்சட்டைக் கோயிலும் இதே போன்ற ஒரு சலுகையில்தான் ஆரம்பித்தது.

அப்படியென்றால்...

கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ள என்ன வேண்டும்? பாவமே இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி ஒருவரும் தேறமாட்டார்கள். பல சபைகளில் ஆலய வழிபாட்டின் தொடக்கத்திலேயே பாவ அறிக்கை வந்துவிடுகிறது. தனி மனிதனுடைய பொய்யும் கோபமும் அதில் வந்துவிடும். ஊர் சேர்ந்து செய்த பாவம் மட்டும் அதில் வராது. அதுவும் வர வேண்டும். எந்தப் பங்கில் எந்தச் சுவர் இருந்தது, எப்போது எடுத்தார்கள், எது இன்னும் நிற்கிறது என்பதை அந்தந்தச் சபையே எழுதி வெளியிட வேண்டும். ஒரு கம்பெனி தன் கடன்களை மறைத்து ஐந்தொகை போட்டால் அதற்குப் பெயர் மோசடி. சபைக்கு மட்டும் வேறு பெயரா?

தனி ஆளுக்கும் கேள்விகள் இருக்கின்றன. பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் எழுந்துபோகத் தோன்றுகிறது? மருமகளாக யார் வரக் கூடாது? செத்தபின் பக்கத்துக் குழியில் யார் இருக்கக் கூடாது? நம்பிக் கொடுத்த பணத்தைக் கேட்டால் உடனே கை நீளுகிறதா? இவற்றுக்கு ஞானஸ்நானச் சான்றிதழில் பதில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தெரியும். ஊர்க்கோடியில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்தியோகியாவில் பெயர் வைத்தவர்களும் அப்படிப்பட்ட அக்கம்பக்கத்தார்தான். இன்று அவர்கள் இந்தச் சபைகளைப் பார்த்தால் அதே பெயரை வைப்பார்களா, அல்லது ஒவ்வொருவரையும் அவரவர் சாதிப் பெயராலேயே கூப்பிட்டுவிட்டுப் போவார்களா?

படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புமுன் யோசிக்க வேண்டிய கேள்வி இது. இரண்டு வினாடி போதாது.